கப்பல் மாலை ஐந்துக்கு, விமானம் காலை ஏழே முக்காலுக்கு: போதுமா?

கேள்வி:

"நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு எழுபது வயது நிறைந்ததையொட்டி, பிள்ளைகள் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிறது. நாங்கள் இருவர், மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் பேரக்குழந்தைகள், மொத்தம் எட்டுப் பேர். நவம்பர் 23, திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு மெரினா பே முனையத்திலிருந்து கப்பல் புறப்படும். செக்-இன் 3.30-க்கு முடியும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. கப்பலுக்கு 5,20,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு திட்டம் சொல்கிறார். ஞாயிறு மாலை தூத்துக்குடியிலிருந்து சென்னை, அங்கிருந்து நள்ளிரவு 12.55 விமானம், காலை 7.45-க்கு சிங்கப்பூர். இரண்டும் வேறு வேறு நிறுவனம், தனித்தனி டிக்கெட். 'இறங்கின பிறகு ஒன்பது மணி நேரம் இருக்கிறது. முந்தின நாளே போய் நான்கு அறை எடுத்தால் 38,000 ரூபாய் வீண்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. என் பயம் சரியா? அடுத்த வருஷம் ரோமிலிருந்து ஒரு கப்பலில் போகலாம் என்று மகன் பேசிக்கொண்டிருக்கிறான். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

பதில்:

அம்மா, உங்கள் பயம் சரிதான். முந்தின நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக விமான டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிறேன். கப்பல் புறப்படும் அதே நாளில் இறங்குவதுபோல் நான் யாருக்கும் டிக்கெட் போடுவதில்லை. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பேசிப் பார்ப்பேன்.

மாப்பிள்ளையின் கணக்கிலும் தப்பில்லை. எல்லாம் நேரப்படி நடந்தால் அவர் சொல்வதுபோல் ஒன்பது மணி நேரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் எண்ண வேண்டியது வேறு. இந்த விமானம் போகவில்லை என்றால் அடுத்து எந்த விமானம், அதற்கு அடுத்து எது, அவற்றில் எட்டு இடம் இருக்குமா என்பதைத்தான் எண்ண வேண்டும். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். செக்-இன் 3.30-க்கு மூடுகிறார்கள். எட்டுப் பேர், குழந்தைகள், பெட்டிகள் என்றால் 2.30-க்காவது கவுண்டருக்கு முன்னால் நிற்க வேண்டும். சாங்கி விமான நிலையத்திலிருந்து மெரினா பே முனையத்துக்கு டாக்ஸியில் அரை மணி நேரம். எட்டுப் பேருக்கு வண்டி பிடிப்பதையும் சேர்த்து முக்கால் மணி என்று வையுங்கள். விமானம் தரையைத் தொட்டதிலிருந்து இமிக்ரேஷன் முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றேகால் மணி. அப்படியானால் விமானம் 12.30-க்குள் இறங்கியாக வேண்டும். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் சுமார் நாலு மணி இருபது நிமிஷம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரண்டையும் கழித்தால், சென்னையில் விடியற்காலை 5.40-க்குள் கிளம்பும் விமானம் மட்டும்தான் உங்களுக்கு உதவும். காலை ஒன்பது மணிக்கு ஒரு விமானத்தில் இடம் தருகிறேன் என்று நிறுவனம் சொன்னால், அது சாங்கியில் இறங்கும்போது 3.50 ஆகியிருக்கும். கவுண்டர் மூடி இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

ஆக, 12.55 விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலும் சமாளிக்கலாம். நாலு மணி நேரம்கூடத் தாங்கும். ஆனால் ரத்தானால் உங்கள் கையில் இருப்பது ஒரு மணியிலிருந்து 5.40-க்குள் கிளம்பும் ஒன்றிரண்டு விமானங்கள் மட்டுமே. அவற்றிலும் கடைசி நிமிஷத்தில் எட்டு இடம் வேண்டும். ரத்தான விமானத்தில் உங்களைப்போல் நூற்றைம்பது பேர் அதே கவுண்டரில் நின்றுகொண்டிருப்பார்கள். ஒன்பது மணி நேரம் என்று மாப்பிள்ளை எண்ணுவது, என் கணக்கில் ஒரே ஒரு வாய்ப்பு.

அதுவும் நவம்பர் கடைசி. சென்னையில் அது எந்த மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயலால் சென்னை விமான நிலையத்தை நண்பகலில் மூடினார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் திறந்தார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையிலேயே தண்ணீர் ஏறி, அடுத்த நாள் காலைவரை விமானம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாட்கள் மூடிக் கிடந்தது. உங்கள் ஊர்ப்பக்கம் மட்டும் என்ன? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதையும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றதையும் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். வருஷா வருஷம் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலுக்குப் போகிறவர், ஒரு நாள் மழையையாவது தாங்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் இருபத்து நான்கு பேரைக் கப்பலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பதினெட்டுப் பேர் என்னோடு முந்தின நாளே வந்துவிட்டார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர், ஒரு கல்யாண வரவேற்பை முடித்துவிட்டு அன்றைய காலை விமானத்தில் வருவதாகச் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். விமானத்தில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு. ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று நீண்டுகொண்டே போய் ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. நான் மற்றவர்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு, கவுண்டர்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டு முனையத்திலேயே நின்றேன். டாக்ஸி வந்து நின்றபோது செக்-இன் மூடிப் பத்து நிமிஷம். வரிசைக்குக் கட்டியிருந்த நாடாக் கம்பங்களை ஒருவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி போகும் பெல்ட் நின்றிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் அப்படியே நிற்கிறது, பால்கனிகளில் ஆட்கள் கையசைக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கப்பல்தானே தம்பி? இங்கதானே நிக்குது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி அவர்களுக்கு ஓட்டல் தேடி விட்டுவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு இந்த விஷயத்தில் நான் தலையாட்டுவதில்லை.

கண்ணெதிரே நிற்கும் கப்பலில் ஏன் ஏற்றமாட்டேன் என்கிறார்கள்? கல்நெஞ்சம் இல்லை. செக்-இன் மூடியதும் பயணிகள் பட்டியலை இறுதி செய்து குடிநுழைவு அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்கள். கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் வழிகாட்டி மாலுமிக்கும் இழுவைப் படகுக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. அடுத்த துறைமுகத்திலும் இடத்துக்கு நேரம் போட்டிருக்கும். பினாங்கில் தாமதமானால் அங்கே சுற்றிப் பார்க்கக் காசு கட்டிய ஆயிரக்கணக்கானவர்களின் நாள் கெடும். எட்டுப் பேருக்காக அதையெல்லாம் நகர்த்த மாட்டார்கள்.

பணமும் திரும்பாது. வரவில்லை என்றால் 'நோ ஷோ' என்று எழுதிவிடுவார்கள். கப்பல் கட்டணத்தில் துறைமுக வரிபோல ஏதாவது சிறு தொகை திரும்பலாம், அவ்வளவுதான். விமான நிறுவனமும் அடுத்த விமானத்தில் இடம் தரும், இல்லை டிக்கெட் பணத்தைத் தரும். கப்பலுக்குக் கட்டிய 5,20,000 அதன் பொறுப்பில் வராது. 38,000 ரூபாயை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். அது வீண் செலவு இல்லை. நான்கு அறையில் தூங்கவும் செய்கிறீர்கள்.

'சரி, தவறவிட்டால் பினாங்கில் போய் ஏறிக்கொள்ளலாமே' என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் முடியும். ஆனால் கப்பல் நிறுவனம் அனுமதிக்க வேண்டும், அந்தத் துறைமுகத்தில் புதிதாக ஆள் ஏற்ற அங்கே வசதி இருக்க வேண்டும், மலேசியாவுக்குள் விமானத்தில் நுழைவதற்கான விதிகள் உங்களுக்குப் பொருந்த வேண்டும், எட்டுப் பேரின் விமானச் செலவும் உங்களுடையது. இதை ஒரு திட்டமாக வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது.

அடுத்து, அந்தத் தனித்தனி டிக்கெட். இது அதே நாளில் இறங்குவதைவிடவும் எனக்குக் கவலை தருகிறது. தூத்துக்குடி–சென்னை ஒரு நிறுவனம், சென்னை–சிங்கப்பூர் இன்னொரு நிறுவனம், இரண்டும் வேறு பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்றால், இரண்டாவது நிறுவனத்துக்கு முதலாவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் இறங்கி ஏறுவது பெரும்பாலும் சிறிய ஏடிஆர் விமானங்கள். மழையும் காற்றும் சேர்ந்தால் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பிவிடும். நீங்கள் சென்னைக்குப் பிந்தி வந்தால் சிங்கப்பூர் விமானக்காரர் உங்களை 'வரவில்லை' என்று குறித்துவிடுவார். அதோடு முடியாது. போகும் பயணத்தில் ஏறவில்லை என்றால், பல நிறுவனங்களில் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் தானாகவே ரத்தாகிவிடும். இது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் டிக்கெட் கையில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே பிஎன்ஆரில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊர்வரை நேரே போய்விடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தூத்துக்குடியையும் சென்னையையும் விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போவேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாளொன்றுக்குப் பல விமானங்கள் நேராகப் போகின்றன, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள். ஒரு நிறுவனம் கைவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்சி முந்நூறு கிலோமீட்டர். வேனில் ஐந்து மணி நேரம், ரயிலும் இருக்கிறது. நவம்பர் 21 சனிக்கிழமை மதியம் கிளம்பித் திருச்சியில் இரவு தங்குங்கள். 22 ஞாயிறு காலை அல்லது முற்பகல் விமானத்தில் ஏறுங்கள். அது ரத்தானால் அன்று மாலை விமானம், அதுவும் இல்லை என்றால் இரவு விமானம். இப்போது எண்ணிப் பாருங்கள், ஒரு வாய்ப்பு மூன்று வாய்ப்பாகிவிட்டது. வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கப்பலுக்குப் போகும்போது அதைத் தொடாதீர்கள். அது ரத்தானால் அடுத்த வாய்ப்பு இரண்டு நாள் கழித்து.

எந்த ஊரிலிருந்து போனாலும் நள்ளிரவு விமானத்தின் தேதியைக் கவனமாகப் பாருங்கள். '23 நவம்பர், 00.55' என்றால் ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போக வேண்டும். திங்கள் இரவு போய் நின்றால் விமானம் ஒரு நாள் முன்பே போயிருக்கும். படித்தவர்கள், அடிக்கடி பறப்பவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். நான் நள்ளிரவு டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் அதன் மேல் பேனாவால் 'ஞாயிறு இரவு 9 மணிக்கு விமான நிலையம்' என்று தமிழில் எழுதித்தான் கொடுப்பேன். நீங்களும் வீட்டுக் காலண்டரில் கிளம்பும் கிழமையை எழுதி வையுங்கள்.

ஞாயிறு மதியமோ மாலையோ சிங்கப்பூரில் இறங்கினால் லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், கொஞ்ச தூரத்தில் சீனிவாசப் பெருமாள் கோயில், 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ். ஐயாவின் எழுபதுக்காகப் போகும் பயணம். முதல் நாள் சாயங்காலம் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு இட்லி சாப்பிட்டுத் தூங்கினால் அவருக்கும் மனசு நிறையும். இரவு முழுக்க விமானத்தில் தூங்காமல் வந்து, கப்பல் வரிசை திறக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ராத்திரி கப்பலில் அவர்கள் எதையும் பார்ப்பதில்லை, நேராகப் படுக்கைக்குத்தான் போகிறார்கள்.

முனையத்தின் பெயரை டாக்ஸி ஓட்டுநரிடம் முழுசாகச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு: மெரினா பே குரூஸ் சென்டர் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் இன்னொன்று. வெறும் 'குரூஸ் சென்டர்' என்றால் மற்றதற்குப் போய்விடலாம். வெறும் 'மெரினா பே' என்றால் அந்த மூன்று கோபுர ஓட்டலில் இறக்கிவிடலாம். ரயிலில் போவதானால் லிட்டில் இந்தியாவில் ஏறி தோபி காட்டில் மாறி, கடைசி நிலையமான மெரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். பெட்டிகளோடு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆறேழு பேர் ஏறும் மேக்ஸிகேப் ஒன்றும் சாதாரண டாக்ஸி ஒன்றும் போதும். செயலியில் தனியார் கார் கூப்பிட்டால், 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்கு அதற்கான இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். டாக்ஸிக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் சின்னப் பேரனோ பேத்தியோ நிச்சயம் அந்த உயரத்துக்குக் கீழேதான். கார் வந்து நின்று, ஏற்ற முடியாது என்று திரும்பிப் போவதைக் காலை நேரத்தில் பார்க்க வேண்டாம்.

விசாவில் ஒரு விஷயம். கப்பலில் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வந்து இறங்கும்போது இரண்டாவது முறை நுழைகிறீர்கள். அதனால் விசா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். எட்டு விசாவிலும் அந்த வரியைத் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் விண்ணப்பிப்பார்கள். ஆகவே அக்டோபர் கடைசி வாரத்தில் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் அரசினுடையவை அல்ல. எட்டுப் பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் இருக்கட்டும்.

எட்டுப் பேர் என்பதால் கிளம்பும் முன்பே வீட்டில் ஒன்று பேசி வையுங்கள். விமானம் ரத்தாகி, 'இப்போது நான்கு இடம் இருக்கிறது, மற்ற நான்கு அடுத்ததில்' என்றால் யார் முதலில் போவது? அந்த நேரத்தில் நின்று யோசித்தால் அந்த நான்கு இடமும் போய்விடும். என் யோசனை: குழந்தைகள் மகளுடைய பிள்ளைகள் என்றால், நீங்களும் ஐயாவும் மகனும் மருமகளும் முதலில். எப்படியானாலும் குழந்தைகள் பெற்றோரோடுதான். அறை வாரியாகக் கப்பல் சீட்டும் பாஸ்போர்ட்டும் அவரவர் கையில் இருக்க வேண்டும். எல்லாரின் பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு மாப்பிள்ளை வைத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தப் பயணத்தில் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் ஒரு மாற்றுடையும் கைப்பையில். பெட்டி தொலைந்தால் பின்னால் வரும், கப்பல் அதற்காக நிற்காது. ஐயாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலிக்கு விமானத்திடம் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், கப்பலிடம் இப்போதே சொல்லுங்கள்.

பறக்கும் நாளன்று செய்ய ஒரு சின்ன வேலை இருக்கிறது, மாப்பிள்ளை இதைப் பொறுப்பாகச் செய்வார் என்று நினைக்கிறேன். உங்களை ஏற்றிப் போகும் விமானம் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து வந்து, ஒரு மணி நேரம் நின்று, திரும்பிப் போகும் அதே விமானம்தான். அது அங்கிருந்து கிளம்பிவிட்டதா என்று ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் பார்க்கலாம். அது கிளம்பவில்லை என்றால், விமான நிலையப் பலகையில் 'ஆன் டைம்' என்று போட்டிருந்தாலும் உங்கள் விமானம் நேரத்துக்குப் போகாது. மூன்று மணி நேரம் முன்கூட்டியே தெரிந்தால், வரிசையில் முதல் ஆளாக நின்று மாற்று இடம் கேட்கலாம்.

பயணக் காப்பீடு எடுங்கள், ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். 'மிஸ்டு கனெக்ஷன்' (அடுத்த இணைப்பைத் தவறவிடுவது) என்று போட்டிருப்பது விமானத்திலிருந்து விமானத்துக்கு மட்டுமா, கப்பலையும் சேர்த்தா? எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பணம் தருவார்கள்? ஏஜென்டிடம் இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். விமானம் பிந்தினால் நிறுவனத்திடம் தாமதச் சான்று கேட்டு வாங்காமல் விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள்.

கப்பலில் ஏறிய பிறகும் ஒரு இடத்தில் நேரம் ஏமாற்றும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் கைபேசி தானாக மாறிக்கொள்ளும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் கைபேசியில் மூன்று மணி என்று காட்டும்போது கப்பலில் நான்கு. 'கப்பல் நேரம் என்ன' என்று இறங்கும் வாசலில் கேட்டு, ஐயாவின் கைக்கடிகாரத்தில் வைத்துவிடுங்கள். கைக்கடிகாரம் தானாக மாறாது, அதுதான் வசதி.

திரும்பும்போது இவ்வளவு கவலை வேண்டாம். அங்கே விமானத்தைத் தவறவிட்டால் இன்னொரு விமானம் உண்டு. இருந்தாலும் கப்பல் காலை ஏழெட்டு மணிக்குக் கரை தொட்டாலும் எல்லாரும் இறங்கி முடிய பத்து மணி ஆகலாம். மதியம் இரண்டுக்கு முன்னால் கிளம்பும் விமானம் எடுக்காதீர்கள். மாலை விமானம் என்றால் இன்னும் நிம்மதி.

இனி மகனின் ரோம் யோசனை. ரோமில் கப்பல் துறைமுகம் கிடையாது. 'ரோம்' என்று விளம்பரத்தில் போடும் கப்பல்கள் கிளம்புவது சிவிட்டாவெக்கியா என்ற ஊரிலிருந்து. ரோமிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ரயிலில் போனால் த்ராஸ்தெவெரெ நிலையத்தில் மாற வேண்டும். சிவிட்டாவெக்கியா நிலையத்தில் இறங்கியபின் துறைமுகத்துக்கு இன்னொரு பேருந்து. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். இலண்டன் என்று சொல்லி சவுத்தாம்டனிலிருந்தும், பாரிஸ் என்று சொல்லி லெ ஆவ்ரிலிருந்தும் கிளம்பும் கப்பல்களும் இப்படித்தான்.

ஐரோப்பாவுக்கு நம் ஊரிலிருந்து வளைகுடா வழியாகத்தான் பலரும் போகிறோம். 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழையில் பல நாட்களுக்கு விமானங்கள் குழம்பிப் போயின. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதில் தோஹா வழியாகப் போன ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் நின்றார்கள். ஆகவே ரோமுக்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாள் முன்னால் போங்கள். முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர். கப்பல் துருக்கி போன்ற ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு) வெளியே உள்ள நாட்டைத் தொடுவதானால் ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக வேண்டும். கடைசி இரவு சிவிட்டாவெக்கியாவிலேயே தங்கிவிட்டால் காலையில் கடற்கரையோடு நடந்து துறைமுகத்துக்குப் போகலாம். அந்த ஊர்ப் பெயரை ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுங்கள். விமானம் தேடும் முன்னால் அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும்.